தெருக்கோடி நிலம் கைவிட்டுப் போகாமல் காப்பது எப்படி: சென்னைவாசிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

தெருக்கோடியில் வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த நிலத்தைச் சுற்றி ஒரு நாள் காலையில் தகரத் தடுப்பு எழும்பியிருக்கும். அதுவரை பசங்கள் கிரிக்கெட் ஆடிய இடம், ஐப்பசி மழையில் முட்டியளவு தண்ணீர் நின்று மெதுவாக இறங்கிய இடம். உடனே தெரு வாட்ஸ்அப் குழுவில் "அது பார்க் இடம்தானே?", "இல்லை, ஏரிப் புறம்போக்கு", "மாஸ்டர் பிளானில் பச்சையாகத்தான் இருக்கிறது" என்று ஆளுக்கொரு பதில் வரும். பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் தெருவில் அப்படியே நடந்தது. அந்த மூன்று பதில்களும் மூன்று வேறு சட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் போகவேண்டிய அலுவலகம் வேறு என்று புரிவதற்கே எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் பச்சை நிறம் இருப்பது மட்டும் ஒரு நிலத்தைக் காப்பாற்றாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, பதிவேட்டில் என்ன வகை, அதன்மேல் காடு, ஈரநிலம், கடற்கரை என்று வேறு சட்டம் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா, இவைதான் காப்பாற்றும். பச்சை நிறம் உங்கள் வாதத்துக்குத் துணை, அவ்வளவுதான்.

முதல் வேலை: சர்வே நம்பர்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் இருக்கிறார். நான் செல்போனில் மாஸ்டர் பிளான் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. "தம்பி, கலரை அப்புறம் பாரு. முதல்ல நம்பரைச் சொல்லு" என்றார். நம்பர் தெரியவில்லை சார் என்றேன். "அப்ப உன்கிட்ட நிலமே இல்லைன்னு அர்த்தம்" என்றார். மனு, வழக்கு, ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) எதுவானாலும் முதல் வரியில் கிராமத்தின் பெயரும் சர்வே நம்பரும் உட்பிரிவு எண்ணும் இல்லாவிட்டால், "இடம் குறிப்பிடப்படவில்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் வகையும் உரிமையும் எழுதிய பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்) மூன்றையும் எடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் நான்கெல்லை விவரம் இருக்கும், அதில் உங்கள் காலி நிலத்தின் நம்பர் பெரும்பாலும் வந்துவிடும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்குப் பழைய கிராம நம்பர் போய் வார்டு, பிளாக், நகர அளவை எண் வந்திருக்கும். பழைய நம்பரையும் புதிய நம்பரையும் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழைய லேஅவுட் (மனைப்பிரிவு) வரைபடம் பழைய நம்பரில்தான் பேசும்.

அ-பதிவேட்டில் பார்க்கவேண்டியது வகைப்பாடு. ரயத்துவாரி என்றால் தனியார் பட்டா நிலம். புறம்போக்கு என்றால் அரசு நிலம், அதில் ஏரி, குளம், வாய்க்கால், தாங்கல், மேய்க்கால், கழுவெளி என்று எது எழுதியிருக்கிறது என்பது மிக முக்கியம். புலப்படத்தை அச்செடுத்துத் தரையில் விரித்துப் பாருங்கள். எங்கள் நிலத்தின் ஓரத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் சேர்ந்தாற்போல வளைந்து போயின. அளவையர் அதன்மேல் விரலை வைத்து, "இது வாய்க்கால், இப்ப இதுமேலதான் அந்த ஹார்டுவேர் கடை நிக்குது" என்றார். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் மட்டும் ஏன் தண்ணீர் திரும்பி வருகிறது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

இரண்டாவது: மாஸ்டர் பிளான் என்ன சொல்கிறது

சென்னைக்கு நடைமுறையில் இருப்பது சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது மாஸ்டர் பிளான், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் திட்டம், 2008 செப்டம்பரில் வந்தது, 2026 வரைக்கும் என்று திட்டமிட்டது. மூன்றாவதைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இதன் அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு நில உபயோகம் உண்டு: ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகரமயமாகாத பகுதி என்று போகும். சர்வே நம்பரைக் கொடுத்து சி.எம்.டி.ஏ. இணையதளத்திலேயே பார்க்கலாம். அச்செடுத்துத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், நாளைக்கு மாறினால் அது சாட்சி. 2022-இல் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த கிராமங்களில் இருப்பவர்கள் தங்கள் நிலம் எந்தப் பழைய திட்டத்தின்கீழ் வருகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு" என்று இருந்தால் அங்கே ஒன்றுமே கட்டமுடியாது என்று நினைக்கிறோம். பூங்காவும் விளையாட்டு மைதானமும் மட்டுமல்ல, கண்காட்சித் திடல், கேளிக்கைப் பூங்கா, விளையாட்டரங்கம் போன்றவையும் அந்த வகைக்குள் வரும். நாணலும் நீர்க்கோழியும் இருக்கும் இடத்தை அப்படியே வைத்திரு என்று அந்த வகை சொல்லவில்லை. விவசாய வகையும் அப்படித்தான், அது பயிருக்காக ஒதுக்கியது, இயற்கையைக் காக்க ஒதுக்கியது இல்லை, வகைமாற்றம் கேட்டு அதிகம் வரிசையில் நிற்பதும் இந்த மாதிரி நிலங்கள்தான்.

இயற்கைக்கு என்றே மாஸ்டர் பிளானில் இருப்பது "சிறப்பு விதிகளுக்கு உட்பட்ட பகுதிகள்" என்ற பிரிவு. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கடலோர நிலத்தடி நீர் ஊறும் மணல் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஆகியவை இதில் வருகின்றன. உங்கள் சர்வே நம்பர் இந்தப் பட்டியலுக்குள் வந்தால் கையில் வலுவான பிடி கிடைத்துவிட்டது என்று அர்த்தம், ஏனென்றால் குடியிருப்பு வகையாகவே இருந்தாலும் அதன்மேல் கூடுதல் கட்டுப்பாடு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. தனியார் நிலத்தைப் பூங்காவுக்கு என்று திட்டத்தில் ஒதுக்கிவிட்டு, அரசிதழில் அறிவிப்பு வந்த 3 ஆண்டுக்குள் அதைக் கையகப்படுத்தும் அறிவிப்பை வெளியிடாமலோ பேசி வாங்காமலோ விட்டால், சட்டத்தின் 38-வது பிரிவுப்படி அந்த ஒதுக்கீடு விடுபட்டதாகவே கருதப்படும். வரைபடத்தில் நிறம் அப்படியே இருக்கும், உள்ளே உயிர் போயிருக்கும். அதனால் பட்டா நிலம் என்றால், "இதைக் கையகப்படுத்த எப்போது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

மூன்றாவது: லேஅவுட் பூங்காவா? அப்போது ஓ.எஸ்.ஆர்.

சென்னையில் நம் கைக்கு எட்டுகிற திறந்தவெளிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மனைப்பிரிவு போடுகிறவர்கள் திறந்தவெளிக்கு என்று ஒரு பங்கை ஒதுக்கவேண்டும், இதைத்தான் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) என்கிறார்கள். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதைத் தொடர்கின்றன. மனைப்பிரிவின் மொத்த நிலம் 3,000 சதுர மீட்டர் வரை என்றால் ஒதுக்கத் தேவையில்லை. 3,000-க்கும் 10,000-க்கும் இடையில் என்றால் சாலைகளைக் கழித்தது போக 10 சதவீதம் நிலம், அல்லது அதற்கு ஈடான வழிகாட்டி மதிப்பை (பதிவுத்துறை நிர்ணயித்த விலை) கட்டவேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்க வழி கிடையாது, நிலமாகவே தரவேண்டும். உதாரணமாக 12,000 சதுர மீட்டர் லேஅவுட்டில் சாலைக்கு 3,000 போனால், மீதி 9,000-இல் 900 சதுர மீட்டர் பொதுவுக்கு வரவேண்டும். பெரிய அடுக்குமாடி வளாகங்களுக்கும் ஓ.எஸ்.ஆர். உண்டு. இப்படி இலவசமாக நிலம் கேட்பது செல்லுமா என்று வழக்குப் போய், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

அந்த நிலத்தைப் பதிவு செய்த தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கவேண்டும். சிக்கல் எல்லாம் இந்த இடத்தில்தான். எங்கள் தெருவில் தானப் பத்திரம் 1980களிலேயே பதிவாகியிருந்தது, ஆனால் அதைப் பெற்ற உள்ளாட்சி வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றவில்லை. பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தது. அவருடைய காலத்துக்குப் பிறகு வாரிசுகள் ஒருவருக்கு பவர் எழுதிக்கொடுக்க, அவர் விற்க, வாங்கியவர் தகரத் தடுப்பு போட்டுவிட்டார். விவரம் கேட்கப் போன ஓர் அலுவலகத்தில் நாங்கள் ஆறு முறை மாடிப்படி ஏறினோம், ஒவ்வொரு முறையும் "ஃபைல் தேடிக்கிட்டிருக்கோம்" என்ற பதில்தான்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். அந்தச் சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுங்கள், பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் பார்க்கமுடியும், அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனு கொடுக்கவேண்டும். தானப் பத்திரம் இருந்தால் அதன் எண்ணும் வருடமும் வந்துவிடும், உடனே சான்றிட்ட நகல் எடுங்கள். அப்புறம் உங்கள் வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் லேஅவுட் அனுமதி எண்ணை வைத்து அங்கீகரித்த வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த நகலில், மனை எண்களுக்கு நடுவே ஒரு கட்டம் மட்டும் சாய்கோடு போட்டு "பூங்கா" என்று கையெழுத்தில் எழுதியிருந்தது. அளவுகள் நான்கு பக்கமும் இருந்தன. தகரத் தடுப்புக்குள் போன இடத்தோடு அந்த நான்கு அளவும் பொருந்தின.

லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தை வேறு வேலைக்குத் திருப்பக்கூடாது என்பதில் நீதிமன்றங்கள் தெளிவாக இருக்கின்றன. பெங்களூருவில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அந்தப் பகுதிக்காரர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னது. "உங்களுக்கென்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்டால் இதுதான் பதில்.

நான்காவது: தண்ணீர் நிற்கும் நிலம் என்றால் வேறு பாதை

ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லை போட்டு ஆக்கிரமிப்பை அகற்றும் பொறுப்பு நீர்வளத்துறைக்கு. பொது நீர்நிலையையும் மந்தைவெளியையும் ஆக்கிரமித்தவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுப்பதை 2011-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, மாநிலங்கள் அகற்றத் திட்டம் வகுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தலமானது (ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்), பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. ராம்சார் தலங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் நேரடியாகப் பொருந்தும். நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, கடந்த பத்தாண்டு வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் ஆய்வு முடியும் வரை திட்ட அனுமதி தரக்கூடாது என்றது. அந்த வழக்கின் அண்மை நிலையைப் பார்த்துக்கொண்டு மனு எழுதுங்கள். ராம்சார் எல்லையும் வனத்துறையின் காப்புக்காட்டு எல்லையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கவேண்டாம். ராம்சார் எல்லைக்குள் பட்டா நிலங்களும் உண்டு, சண்டை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கடலோரம், அடையாறு, கூவம், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் என்றால் கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதி. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர். அலை ஏறி இறங்கும் ஆறு, கழிமுகங்களுக்கு 2011 அறிவிக்கையில் 100 மீட்டராக இருந்தது 2019-இல் 50 மீட்டராகக் குறைந்துவிட்டது, ஆற்றின் அகலம் அதைவிடக் குறைவென்றால் அகலம்தான் கணக்கு. உங்கள் இடத்துக்கு இப்போது எந்த அறிவிக்கையின் வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்று மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்வதை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

ஐந்தாவது: ஆர்.டி.ஐ.யை எப்படி எழுதுவது

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், இணையத்திலும் போடலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று மூடிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். இந்தச் சர்வே நம்பருக்கு வழங்கிய திட்ட அனுமதியின் நகல், அதோடு இணைந்த வரைபடம், நீர்வளத்துறை தந்த தடையின்மைச் சான்று, நில உபயோக மாற்றத்துக்கு வந்த விண்ணப்பம், ஓ.எஸ்.ஆர். தானப் பத்திரத்தின் எண்ணும் தேதியும். கடைசியில் "கோப்பை நேரில் பார்வையிட விரும்புகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்களுக்கு நகலில் கிடைக்காத ஒரு குறிப்பு கோப்பைப் புரட்டியபோதுதான் கிடைத்தது.

சி.எம்.டி.ஏ., மாநகராட்சி, வட்டாட்சியர், நீர்வளத்துறை நான்குக்கும் ஒரே நாளில் தனித்தனியாக அனுப்புங்கள். நான்கு பதிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அந்த முரண்தான் பின்னால் நீதிமன்றத்தில் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம்.

ஆறாவது: வகைமாற்றத்துக்கு ஆட்சேபம்

ஒரு நிலத்தை விவசாயத்திலிருந்தோ திறந்தவெளியிலிருந்தோ குடியிருப்பாக மாற்ற வேண்டுமென்றால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-வது பிரிவுப்படி மாஸ்டர் பிளானையே திருத்தவேண்டும். அதற்கு முன் பத்திரிகையில் விளம்பரம் வந்து பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்பார்கள். உள்பக்கத்தில், பொடி எழுத்தில், சர்வே நம்பர்களாக வரும். பேப்பர் படிக்கும் பழக்கமுள்ள இரண்டு பெரியவர்களிடம் உங்கள் கிராமத்தின் பெயரைச் சொல்லி வையுங்கள், எங்கள் பகுதியில் அப்படித்தான் ஒன்றைப் பிடித்தோம். விளம்பரத்தில் போட்டிருக்கும் நாளைத் தாண்டினால் எவ்வளவு நியாயமும் எடுபடாது.

ஆட்சேபத்தில் "சுற்றுச்சூழல் பாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதி ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டால் ஒரே மனுவாக எண்ணிவிடுவார்கள். தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வந்து எங்கே போகிறது, புலப்படத்தில் வாய்க்கால் எங்கே இருக்கிறது, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எந்த வீட்டு வாசலில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்று தேதியிட்ட படத்தோடு எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு மனு, அவரவர் வார்த்தையில். நேரில் விசாரிக்க வாய்ப்புக் கேளுங்கள். எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் படியிறங்காதீர்கள், தபாலில் என்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் இணைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும்.

ஏழாவது: எந்த நீதிமன்றம்

பலர் நேராகப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு, நீர், காற்று, வனப் பாதுகாப்பு, பல்லுயிர் போன்ற குறிப்பிட்ட சட்டங்களின்கீழ் வரும் விஷயத்தைத்தான் எடுப்பார்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் லேஅவுட் பூங்கா, ஓ.எஸ்.ஆர். தகராறு என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ஈரநிலம், கடற்கரை என்றால் தீர்ப்பாயம், பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். கட்டணம் 1,000 ரூபாய்தான், அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. எதுவானாலும் முதலில் அதிகாரிகளுக்கு மனு கொடுத்து, பதில் இல்லை என்பதற்கான ஒப்புகையோடு போங்கள், இல்லாவிட்டால் "முதலில் மனு கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். கட்டடம் எழும்ப ஆரம்பித்துவிட்டால் நாள் கடத்தவேண்டாம், மூன்று மாடி ஏறிய பிறகு யாருக்கும் இடிக்க மனம் வராது.

அரசுக்கு எந்த நிலத்துக்கும் விதிவிலக்கு தரும் அதிகாரம் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-வது பிரிவில் இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஆர்.டி.ஐ.யில் "விதிவிலக்கு ஏதும் வழங்கப்பட்டுள்ளதா, அரசாணை நகல் தருக" என்று ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்.

எட்டாவது: நிலம் கிடைத்த பிறகு

உத்தரவு வந்துவிட்டது என்று கலைந்து போகாதீர்கள். வட்டாட்சியரிடம் மனு கொடுத்து வருவாய்ப் பதிவேட்டில் உள்ளாட்சியின் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். அரசு நிலத்தையும் நீர்நிலையையும் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரம் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் சார்பதிவாளருக்கு இருக்கிறது, அவருக்கும் சர்வே நம்பரோடு கடிதம் கொடுத்தால் அடுத்த பவர் பத்திரம் வாசலிலேயே நிற்கும். நில அளவையரை வைத்து அளந்து கல் நடவையுங்கள், கம்பி வேலி போடவையுங்கள், அரசாணை எண்ணும் சர்வே நம்பரும் எழுதிய பலகை வையுங்கள். நீர் நிற்கும் இடமென்றால் பூங்கா என்ற பெயரில் மண் கொட்டி மேடாக்கி, டைல்ஸ் பதித்து நடைபாதை போட வருவார்கள், அதையும் எழுத்தில் தடுக்கவேண்டும். எங்கள் இடத்தில் கிழக்கு ஓரம் தாழ்வாக இருக்கிறது, அங்கே மண் போடக்கூடாது என்று வார்டு பொறியாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். போன மழையில் அந்த ஓரத்தில் நான்கு நாள் தண்ணீர் நின்றது, தெருவில் ஏறவில்லை.